சத்தம் போட்டு எடுக்கும் பாயின்ட்: தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

போட்டித் தொழில்நுட்பக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வயதுப் பிரிவு இறகுப்பந்துப் போட்டிகளில் நடுவராக அமர்பவர்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எனக்கும் வந்து சேர்ந்தது. மூன்றே வரி. ஆட்டக்காரர் எழுப்பும் சத்தத்துக்காகவோ சைகைக்காகவோ ஃபால்ட் (பாயின்ட்டை எதிராளிக்குக் கொடுக்கும் விதிமீறல் தீர்ப்பு) கொடுக்க வேண்டாம். அப்படி ஏதாவது இருந்தால் ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும். எச்சரிக்கைக்கான மஞ்சள் அட்டை எடுப்பதற்கு முன், நடுவர்களுக்கு மேலே முழுப் போட்டிக்கும் பொறுப்பான ரெஃபரியின் அனுமதி வேண்டும். இத்தனைக்கும் நீங்கள் சொல்லும் காரணம், "ஆட்டத்தின் விறுவிறுப்பு கெடுகிறது" என்பது.

இந்தச் சுற்றறிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு அது கோப்பில் தூங்குவதைவிட, பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் சக நடுவர்களும் படிக்கட்டும் என்றே பொதுவில் எழுதுகிறேன்.

இது எங்கிருந்து முளைத்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 15 வயதுக்குட்பட்ட பெண்கள் இரட்டையர் ஆட்டம்; நாற்காலியில் இருந்தது நான். மூன்றாவது கேம், 19-18. முன்னிலையில் இருந்த ஜோடி பின்கோட்டுக்கு உயரமாக ஒரு லிஃப்ட் அனுப்பியது. எதிர்ப்பக்கம் பின்னால் நின்ற சிறுமி சரியாகத்தான் நகர்ந்தாள். இடது கையை ஷட்டிலை நோக்கி நீட்டி, ராக்கெட்டைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், அடிக்கத் தயாராக நின்றாள். அந்தக் கணத்தில் "அவுட்!" என்று ஒரு குரல். அவள் ராக்கெட்டை இறக்கிவிட்டாள். ஷட்டில் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது.

அவள் முதலில் பார்த்தது என்னை இல்லை, தன் ஜோடியை. "நீதானே சொன்ன?" என்றாள். "நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள் மற்றவள். குரல் நெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. லிஃப்ட் அடித்தவளின் ஜோடி, தன் தரப்பு அடித்த ஷட்டிலுக்குத் தானே "அவுட்" சொல்லியிருந்தாள். ஃபால்ட் என்றேன். 19-19.

ரெஃபரியை அழைத்தார்கள், அவர் வந்தார், கேட்டார். நிகழ்ந்தது என்ன என்பதில் நடுவர் முடிவே இறுதி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் செய்தது சரி. ஆட்டம் தொடர்ந்தது. ஃபால்ட் வாங்கிய ஜோடியே 22-20 என்று வென்றும் விட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உங்களிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தது தோற்ற தரப்பு அல்ல, ஜெயித்த தரப்பின் பயிற்சியாளர். ஆட்டம் கையில், பரிசு கையில், பிறகு எதற்குப் புகார்? அந்த ஒரு பாயின்ட்டுக்காக இல்லை. அந்த உத்தி இனியும் செல்ல வேண்டும் என்பதற்காக. "குழந்தைகளின் உற்சாகத்தை நடுவர் நசுக்குகிறார்" என்று எழுதியிருந்தாராம். நீங்களும் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு, விசாரிக்காமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லா நடுவர்களின் கையையும் கட்டிவிட்டீர்கள்.

விதி என்ன சொல்கிறது? உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பின் ஆட்ட விதிகளில் 13.4.5. ஷட்டில் ஆட்டத்தில் இருக்கும்போது, சத்தம் போடுவது, சைகை காட்டுவது போன்ற செயலால் எதிராளியின் கவனத்தை வேண்டுமென்றே திருப்பினால் அது ஃபால்ட். 'கொடுக்கலாம்' என்றுகூட இல்லை, ஃபால்ட் என்றே இருக்கிறது. ராக்கெட் நெட்டில் பட்டால் ஃபால்ட் என்பதற்கு என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து, அதே பட்டியலில். இதில் வயது வரம்பு கிடையாது. ஒரு சுற்றறிக்கையால் நெட்டைத் தொடுவதை அனுமதிக்க முடியுமா? முடியாதென்றால் இதை மட்டும் எப்படி முடிந்தது?

மஞ்சள் அட்டை விஷயத்தில் நீங்கள் செய்திருப்பது இதைவிட மோசம். விதி 16 ஆட்டத்தைத் தாமதப்படுத்துவது, ஷட்டிலைச் சேதப்படுத்துவது, தகாத நடத்தை ஆகியவற்றைப் பற்றியது. அவற்றுக்கு எச்சரிக்கை கொடுப்பதும், எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் ஃபால்ட் கொடுப்பதும் நடுவரின் வேலை என்று 16.7 நேரடியாகச் சொல்கிறது. ரெஃபரியிடம் போவது குற்றம் பெரிதாகும்போது, தகுதிநீக்கம் வரை போகும்போது. மஞ்சளுக்கே அனுமதி கேட்டு நான் கை தூக்கி நிற்க, ரெஃபரி ஆறாவது கோர்ட்டிலிருந்து நடந்து வர, அதுவரை ஆட்டம் நிற்க வேண்டும். விறுவிறுப்புக்கு நீங்கள் கண்டுபிடித்த வழி இது.

சத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது, காதை மூடிக்கொண்டு ஆட வேண்டியதுதானே என்று குழுவிலேயே ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். ஆடியவர் கேட்கும் கேள்வி இல்லை அது. இந்த ஆட்டத்தில் காதும் ஆடுகிறது. தோளைத் திருப்பி, கையைத் தூக்கி, ஒரே அசைவில் ஒருவர் வேகமாகக் கீழே இறங்கும் ஸ்மாஷும் அடிக்கலாம், நெட்டருகே மெல்ல விழும் டிராப்பும் போடலாம். நல்ல ஆட்டக்காரரின் அழகே அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வைத்திருப்பது. கண் ஏமாறும் இடத்தில் காது கைகொடுக்கும். ராக்கெட் நரம்பில் ஷட்டில் படும் ஓசை பளீரென்று இருந்தால் கால் ஒரு மாதிரி நிற்கும், மொத்தென்று இருந்தால் உடம்பு தானாக முன்னால் சாயும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. அந்த ஓசையின் மேல் ஒரு கத்தலைப் போட்டு மூடினால் எதிராளிக்கு வர வேண்டிய தகவலில் பாதி போய்விடுகிறது.

2010இல் டென்னிஸை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அடிக்கும் காட்சியை வீடியோவில் காட்டி, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லச் சொன்னார்கள். அடிக்கும் கணத்தோடு வேறொரு சத்தத்தைச் சேர்த்தபோது பதில் தாமதமானது, தவறும் கூடியது. தாமதம் 20, 30 மில்லி விநாடி அளவுதான். அற்பம் என்று தோன்றும். ஆனால் டென்னிஸ் கோர்ட்டைவிட நம் கோர்ட் எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். உலகத் தர ஆட்டங்களில் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டிக் கிளம்பிய ஸ்மாஷ்கள் பதிவாகியிருக்கின்றன. ஷட்டில் வழியிலேயே வேகம் இழக்கும் என்பது உண்மைதான், என்றாலும் நெட்டருகே நிற்பவருக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

உடனே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆட்டத்தை மௌன விரதமாக்கப் பார்க்கிறேன் என்பார்கள். (பயிற்சிக் கூடங்களில் எனக்கு 'வாய்மூடி அம்பயர்' என்று பெயராம். காதில் விழுந்தது. இருக்கட்டும்.) முப்பது நாற்பது முறை ஷட்டில் மாறி மாறிப் போய்வந்த ஒரு ரேலியை வென்றவர் முஷ்டியை மடக்கி ஒரு கத்து கத்தினால் எனக்கும் பிடிக்கும். ஓங்கி அடிக்கும்போது வாயிலிருந்து ஒரு "ஹா" வந்தால் அது மூச்சு. அதற்கு நான் ஃபால்ட் கொடுத்ததில்லை, கொடுக்கப் போவதுமில்லை. இரட்டையரில் "என்னது", "உன்னது", "விடு" என்று ஜோடிக்குள் பேசிக்கொள்ளாமல் ஆடவே முடியாது. ரேலி முடிந்தபின் தன் ஜோடியைப் பார்த்துக் கொண்டாடினால் யாருக்கும் நஷ்டமில்லை.

தான் அடிக்கும்போது வரும் சத்தம் வேறு, எதிராளி அடிக்கப் போகும்போது வரும் சத்தம் வேறு. இரண்டாவதற்கு மூச்சு காரணமாக இருக்க முடியாது. உத்திகள் எல்லாமே இந்த இரண்டாவதில்தான் இருக்கின்றன. எதிராளி ஸ்மாஷுக்கு ராக்கெட் ஓங்கும்போது தரையில் காலை ஓங்கி மிதிப்பது. நெட்டுக்கு முன்னால் நிற்பவர், ஷட்டிலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதபோது ராக்கெட்டை எதிராளியின் கண்ணுக்கு நேராக ஆட்டுவது. சர்வீஸ் போடுபவர் ராக்கெட்டைப் பின்னால் இழுக்கும் கணம் பார்த்து, தயாராக நின்ற ரிசீவர் சட்டென்று கையைத் தூக்குவது. ஒருமுறை என்றால் கண்ணில் தூசி விழுந்திருக்கும். ஒரே கேமில் நான்காவது முறை, அதுவும் எதிராளி இரண்டு பாயின்ட் தொடர்ந்து எடுத்த பிறகு மட்டும் தூசி விழுமா?

சர்வீஸ் போடுபவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஷட்டிலை ராக்கெட்டோடு வைத்துக்கொண்டு சிலைபோல் நிற்பார்கள். ரிசீவரின் தொடை நடுங்கத் தொடங்கும், எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும், அப்போது தலைக்கு மேலே போகும்படி ஒரு ஃப்ளிக் சர்வீஸ். இரு தரப்பும் தயாரான பிறகு சர்வீஸைத் தேவையின்றித் தாமதிக்கக் கூடாது என்பது விதி 9இன் முதல் வரி. எத்தனை விநாடி என்று அதில் இல்லை. நடுவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் எண் போடாமல் விட்டிருக்கிறார்கள். நீங்கள் எடுத்துவிட்டது அந்த நம்பிக்கையைத்தான்.

சத்தமே இல்லாத உத்திகளும் உண்டு. பலருடைய கண்ணில் படாத ஒன்றைச் சொல்கிறேன். பாயின்ட்டை இழந்த பையன் ஷட்டிலை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி மெதுவாகப் பின்கோட்டுக்கு நடப்பான். நாற்காலியிலிருந்து பார்த்தால் முழங்கை மட்டும் தெரியும். அந்த முழங்கை லேசாக ஒரு முறை அசையும். திரும்பி வரும்போது ஷட்டிலின் 16 இறகுகளில் ஒன்று நடுத்தண்டில் மடங்கியிருக்கும். "சார், உடைஞ்சிருச்சு, மாத்தணும்." கட்டைவிரல் நகத்தால் மடக்கிய இறகுக்கும் அடிபட்டு ஒடிந்த இறகுக்கும் வித்தியாசம் உண்டு. அடிபட்டது ஓரத்தில் கிழிந்து பஞ்சுபோல் நிற்கும். மடக்கியது சுத்தமாக ஒரே இடத்தில் முறிந்திருக்கும். புதிய ஷட்டில் வர, தரை துடைக்க, துண்டு எடுக்க, நாடா கட்ட என்று எதிராளியின் வேகம் ஆறிப்போகும் வரை நேரம் ஓடும். களைப்பாறுவதற்காக ஆட்டத்தைத் தாமதிக்க எந்தச் சூழ்நிலையிலும் அனுமதி இல்லை என்று 16.4 சொல்கிறது. ஓய்வு எப்போது என்பதும் எழுதியே இருக்கிறது: முதலில் ஒரு தரப்பு 11ஐத் தொடும்போது 60 விநாடி, கேம்களுக்கு இடையில் 120 விநாடி. மற்றதெல்லாம் திருட்டு ஓய்வு. இதற்கும் இனி நான் ரெஃபரியைத் தேடிப் போக வேண்டும்.

'வேண்டுமென்றே' என்பதை எப்படி நிரூபிப்பீர்கள் என்று சக நடுவர்களே கேட்கிறார்கள். பயமில்லாமல் இல்லை அவர்களுக்கு. ஃபால்ட் கொடுத்தால் புகார், புகார் வந்தால் அடுத்த முறை அழைப்பில்லை. ஆனால் மனதைப் படிக்கச் சொல்லி யாரும் நம்மை நாற்காலியில் ஏற்றவில்லை. எப்போது நடந்தது, யாரை நோக்கி நடந்தது, மறுபடி நடந்ததா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான சமயம் விடை வந்துவிடும். தன் தரப்பு அடித்த ஷட்டிலுக்கு எதிராளியின் காதில் விழும்படி "அவுட்" சொல்வதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? சந்தேகம் இருந்தால் ஃபால்ட் கொடுக்காமல் இருக்கிறோம், அதுவும் நடுவரின் தீர்ப்புதான். சந்தேகமே இல்லாதபோதும் கொடுக்காதே என்பதுதான் உங்கள் சுற்றறிக்கை.

உலகப் போட்டிகளில் எல்லோரும் கத்துகிறார்களே என்ற வாதத்தைப் புகார் கொடுத்தவரும் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன், எல்லோரும் வைப்பதுதான். 2023 டென்மார்க் ஓப்பன் அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் கரோலினா மரின், நம் பி.வி. சிந்து. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் மோதிய இருவர். கத்துவதும், தயாராகத் தாமதிப்பதும், நெட்டுக்கு மேலே வாக்குவாதமுமாக ஆட்டம் போனது. நடுவர் திரும்பத் திரும்ப எச்சரித்தார். கடைசியில் இருவருக்கும் மஞ்சள் அட்டை. ஒருவர் ஒலிம்பிக் தங்கம், மற்றவர் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்றவர். அவர்களுக்குக் காட்டிய அட்டையை நம் வயதுப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் காட்டினால் விறுவிறுப்பு கெட்டுவிடுமாம். மரின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் ஆட்டத்தை ரசித்துப் பார்த்தவன் நான். ஆனால் அவரைப் பார்த்துக் கத்தக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அந்த அட்டையையும் பார்க்க வேண்டும்.

கோர்ட்டில் வாய்ச்சண்டை எங்கே போய் முடியும் என்பதற்கு 2013 கனடா ஓப்பன் இருக்கிறது. ஆண்கள் இரட்டையர் இறுதி. தாய்லாந்தின் போதின் இசாராவும் மணீபோங் ஜோங்ஜித்தும் அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஜோடியாக ஆடியவர்கள். எதிரெதிராக நின்றபோது பேச்சு தடித்து, இடம் மாறும் நேரத்தில் ஒருவர் மற்றவரைத் துரத்தித் துரத்தி அடித்தார். இறுதி ஆட்டம் அதோடு நின்றது. போதினுக்கு இரண்டாண்டுத் தடை.

அதே லண்டன் ஒலிம்பிக்கில், அடுத்த சுற்றில் வசதியான எதிராளி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்த நான்கு பெண்கள் இரட்டையர் ஜோடிகளை, எட்டுப் பேரை, போட்டியின் நடுவிலேயே வெளியேற்றினார்கள். அதில் உலகின் முதல்நிலை ஜோடியும் இருந்தது. அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள், ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்தது, பதக்கம் பணயத்தில் இருந்தது. இருந்தும் விதியைத்தான் எடுத்தார்கள். நம்மிடம் பணயத்தில் இருப்பது ஒரு பயிற்சியாளரின் மனத்தாங்கல்.

பயிற்சியாளர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் நேர்மையாக இருக்காது. அன்றைக்கு "அவுட்" என்ற சிறுமிக்கு வயது 14. அவளை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. ஃபால்ட் கொடுத்தபோது அவள் முகத்தில் இருந்தது குழப்பம். பயிற்சியில் சரி என்று சொன்னது இங்கே எப்படித் தப்பாகும் என்ற குழப்பம். வார்ம்-அப் நடக்கும் இடத்தில் நடுவர் உடையைப் பார்க்காமல் பேசுபவர்கள் உண்டு. "முதல் ரெண்டு பாயின்ட்டுல அவ மூஞ்சியப் பாத்து ஒரு சத்தம் குடு, அப்புறம் அவ கையே எழும்பாது" என்று ஒரு பயிற்சியாளர் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். கால் நகர்த்தச் சொல்லிக்கொடுப்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். ரேலி நடக்கும்போதே பின்னாலிருந்து "நெட்டு! நெட்டு!" என்று குரல் கொடுப்பவர்கள், எதிராளி சர்வீஸை வெளியே அடித்தால் எழுந்து நின்று கைதட்டும் பெற்றோர் என்று அந்தப் பட்டியல் நீளும். ஷட்டில் ஆட்டத்தில் இல்லாதபோது மட்டுமே ஆலோசனை சொல்லலாம் என்பது 16.5. பயிற்சியாளரால் எதிர்த் தரப்பின் கவனம் சிதறினால் லெட் (அந்த ரேலியை மறுபடி ஆடுவது) கொடுக்கலாம் என்று 14.2இல் தனி வரியே இருக்கிறது. தொடர்ந்தால் ரெஃபரி அவரைக் கோர்ட் பக்கமே இருக்க வேண்டாம் என்று அனுப்பலாம். நம் போட்டிகளில் யாரையும் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

உங்கள் வழிப்படி, கவனம் சிதறடித்ததை நான் ஆட்டம் முடிந்தபின் யாரிடம் சொல்ல வேண்டும்? அதைச் சொல்லிக்கொடுத்த அதே பயிற்சியாளரிடம்.

மனஉறுதி என்கிறார்கள். எந்தச் சத்தத்திலும் ஆடப் பழக வேண்டும், இல்லாவிட்டால் மேலே போக முடியாது என்கிறார்கள். பார்வையாளர் கூச்சலில், பக்கத்துக் கோர்ட் ஷட்டில் உள்ளே வந்து விழுவதில், விளக்கு கண்ணைக் கூச வைப்பதில், 20-20இல் கை உதறுவதில் பழகட்டும், பழகித்தான் ஆக வேண்டும். அவை யாரும் பாயின்ட் எடுப்பதற்காக வைத்தவை அல்ல. பிறர் செய்யும் தவறைத் தாங்கப் பழக்குவதுதான் பயிற்சி என்றால் தவறு செய்பவனுக்கு என்ன பயிற்சி கொடுக்கிறோம்?

நடுவரே இல்லாத ஆட்டங்களை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் கவலை. முதல் சுற்றுகளில் பிள்ளைகளே கோடு பார்த்து, பிள்ளைகளே ஸ்கோர் சொல்லி ஆடுகிறார்கள். அங்கே சத்தத்தின் பலன் இரட்டிப்பு. அடிக்கும்போது ஒரு கத்தல், ஷட்டில் விழுந்ததும் அதைவிட உரக்க "அவுட்". உயரமான பிள்ளையும் கூடவே நான்கு பேர் நிற்கும் பிள்ளையும் வாதத்தில் ஜெயிக்கும். எதிரே நிற்பது கொஞ்சம் கூச்ச சுபாவமான பிள்ளை என்றால், "சரி, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த சர்வீஸுக்குப் போய் நிற்கும். நடுவர் இருக்கும் கோர்ட்டில் ஃபால்ட் வரும் என்ற பயம் கொஞ்சமாவது இந்தக் கோர்ட்டுகள்வரை எட்டிக்கொண்டிருந்தது. சுற்றறிக்கைக்குப் பின் அதுவும் இல்லை. 

எதிர்மாறானதையும் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லாவிட்டால் தப்பு. 20-20இல் ஒரு பையன். எதிராளியின் அடி வெளியே போகிறது, கோடு நடுவர் இரு கைகளையும் விரித்துவிட்டார், நானும் ஸ்கோர் சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைத் தூக்கி, "சார், என் ராக்கெட்ல பட்டுச்சு" என்றான். எனக்குத் தெரியவில்லை, எதிராளிக்கும் தெரியவில்லை, அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாயின்ட் எதிராளிக்குப் போனது; அடுத்ததும் போனது. ஆட்டம் முடிந்து அவன் பையை அடுக்கும்போது அவனுடைய பயிற்சியாளர் கேட்டார்: "உன்னை யாராவது கேட்டாங்களா?" அந்தப் பையன் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை அவன் கை தூக்குவானா என்று எனக்குத் தெரியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலையில் இருந்த மரின் முழங்கால் மடங்கி விழுந்து வெளியேற, எதிரே ஆடி, இறுதிக்குப் போய் வெள்ளி வாங்கிய சீனாவின் ஹீ பிங்ஜியாவ் பதக்க மேடையில் ஸ்பெயினின் சின்னத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்தப் படத்தை நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தீர்கள். அதற்குப் பக்கத்தில்தான் இப்போது இந்தச் சுற்றறிக்கையும் தொங்குகிறது.

எனவே கேட்கிறேன்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். தொலைபேசியில், "நீங்க பாத்துக்கோங்க" என்ற மாதிரியில் அல்ல. எழுத்தில், எல்லா நடுவர்களுக்கும், எல்லா அணி மேலாளர்களுக்கும். 13.4.5, 16.7 இரண்டும் எல்லா வயதுப் பிரிவுக்கும் அப்படியே பொருந்தும் என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு போட்டியின் முதல் நாள் காலையிலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு எது உற்சாகம், எது ஃபால்ட் என்று கோர்ட்டிலேயே செய்து காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். நான் வந்து செய்து காட்டத் தயார், அழைப்பு வராவிட்டாலும் வருவேன். பயிற்சியாளர்களையும் அங்கேயே நிற்க வையுங்கள். பிறகு எங்களுக்குத் தெரியாது என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

நடுவர் போட முடியாத சுற்றுகளில், சில கோர்ட்டுகளுக்கு ஒருவர் என்று சுற்றி வரும் அலுவலரை நியமியுங்கள். வெறுமனே சுற்றி வந்தால் போதாது. கண்ணால் கண்டால் ஃபால்ட் கொடுக்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். ஆள் இல்லை என்பீர்கள். மூத்த பிரிவு ஆட்டக்காரர்களில் காலையிலேயே தோற்றுவிட்டு மாலைவரை அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்! கேட்டுப் பாருங்கள், வருவார்கள்.

பயிற்சியாளர்களுக்குக் கோர்ட்டின் பின்னால் நாற்காலி போடுங்கள், ரேலி நடக்கும்போது அதில்தான் இருக்க வேண்டும். குறுக்கிட்டால் லெட், மறுபடி என்றால் வெளியே. எச்சரிக்கைகளும் அட்டைகளும் எந்தப் பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை என்று போட்டிக்குப் போட்டி பதிவேட்டில் ஏறட்டும். பிள்ளைகளின் பெயரை வெளியிட வேண்டாம், அந்தப் பதினான்கு வயதுச் சிறுமியின் பெயரை நிச்சயமாக வேண்டாம். ஒரே கூடத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் கூப்பிட்டுக் கேட்க வேண்டியது அந்தக் கூடத்தின் பொறுப்பாளரை.

கடைசியாக என் விஷயம். என் மேல் வந்த புகாரின் நகலும், அதன்மேல் நீங்கள் எடுத்த முடிவின் நகலும் எனக்கு வேண்டும். அடுத்த போட்டிக்கான நடுவர் பட்டியல் வெளியாவதற்கு முன் இந்த மடலுக்குப் பதிலும் வேண்டும். அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்தால், நான் நாற்காலியில் ஏறும்போது என் சட்டைப் பையில் இருப்பது விதிப்புத்தகம், சுற்றறிக்கை அல்ல. 19-18இல் யாராவது எதிராளியின் காதில் "அவுட்" என்றால் ஃபால்ட்தான் கொடுப்பேன். அதற்காக என்னைப் பட்டியலிலிருந்து நீக்குவதாக இருந்தால் தாராளமாக நீக்குங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள், எந்த விதியின்படி நீக்கினீர்கள் என்ற எண்ணோடு.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இன்னும் இருக்கும் ஒரு நடுவர்